ஏத்தத்துல காலு, இறக்கத்துல பஸ்ஸு

எங்க ஊட்டுக்காரருக்கு வலிங்கற வார்த்தையே ஆகாது. பட்டாளத்துல இருந்து பென்ஷனோட வந்த மனுசன். கடைசிச் சில வருஷம் அங்க புதுசா சேர்ற பசங்களுக்கு ஓட்டமும் உடற்பயிற்சியும் சொல்லிக்குடுக்கற உஸ்தாதா இருந்தார். ஊட்டுல யாராவது தலை வலிக்குதுன்னா "தண்ணி குடி"ம்பார். வயிறு வலிக்குதுன்னா "ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வா"ம்பார். கல்யாணமான புதுசுல எனக்குப் பல்லு வலிச்சு கன்னம் பணியாரமா வீங்கிக் கிடந்தப்பவும் இதேதான். பல்லு வலிக்கு எதுக்குங்க ஓடணும்னு கேட்டேன். ஓடினா பல்லு ஞாபகமே வராதுன்னார்.

நான் பார்க்கற வேலை பிசியோதெரபி. அடுத்தவங்க வலியிலதான் எங்க ஊட்டு அடுப்பு எரியுதுன்னு வெச்சுக்கங்களேன். ஏற்காடு டவுன்ல ஒரு சின்ன கிளினிக். காப்பிப் பழம் பறிச்சுப் பறிச்சு இடுப்பு பிடிச்ச பொம்பளைங்க, மிளகு ஏணியில இருந்து வழுக்கின ஆம்பளைங்க, ஏரிக்கரையில போட்டோ எடுக்கறேன்னு பின்னாடியே நடந்து காலைச் சுளுக்கிக்கிட்ட டூரிஸ்ட்டுங்க. இவங்களோட என் பொழப்பு பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு. அப்பத்தான் இவர் பென்ஷன் வாங்கிக்கிட்டு எங்க ஊரு கொட்டச்சேட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்த கையோட காப்பித் தோட்டத்துக்குள்ள போய் செடியெல்லாம் வரிசையில நிக்கலைன்னு திட்டினார். கோழி நேரத்துக்கு எந்திரிக்கலைன்னு கோழியைத் திட்டினார். நான் சாம்பார்ல உப்பு கம்மியாப் போட்டா, "இது டிசிப்ளின் பிரச்சனை"ன்னார். இந்த மனுசனை இப்படியே விட்டா ஒண்ணு அவருக்குப் பைத்தியம் பிடிக்கும், இல்லை எனக்குப் பிடிக்கும்னு நான் பயந்துபோன நேரத்துல, சுத்துப்பட்டுப் பசங்க நாலு பேர் வந்து, "சார், ஆர்மி செலக்‌ஷனுக்கு எங்களை ரெடி பண்ணி விடுங்க"ன்னு நின்னாங்க. சாமியே அனுப்பின பசங்கன்னு நினைச்சேன். நாலு பேரு கொஞ்ச நாள்ல ஒரு கூட்டமாச்சு. காசு ஒண்ணும் வாங்கமாட்டார். விசில் மட்டும் புதுசா ஒண்ணு வாங்கினார்.

அந்த விசிலைப் பத்திச் சொல்லியே ஆகணும். கழுத்துல எந்நேரமும் தொங்கும். குளிக்கப் போனாலும் கூடவே போகும். என்மேல கோவம்னா பேசமாட்டார், விசில்தான். ஒரு ஊதல்னா காப்பி. ரெண்டு ஊதல்னா சாப்பாடு. நானும் கோவத்துல இருந்தா காது கேக்காத மாதிரி இருந்துக்குவேன். அக்கம்பக்கத்து ஊட்டுக்காரங்கதான் வந்து, "அக்கா, சார் காப்பி கேக்கறாருங்க"ன்னு சொல்லிட்டுப் போவாங்க.

கொஞ்ச நாள்ல கிளினிக்குக்குப் புது வாடிக்கை வர ஆரம்பிச்சுச்சு. எல்லாம் இவர்கிட்ட ஓடற பசங்க. ஒருத்தனுக்கு முழங்கால். இன்னொருத்தனுக்கு முன்னங்கால் எலும்போரம் நீளத்துக்கு வலி. அடுத்தவனுக்குக் குதிகால் நரம்பு. வர்றவன் எல்லாம் சுத்தி முத்திப் பார்த்துட்டுத்தான் உள்ள வருவான். "சாருக்குத் தெரிய வேண்டாங்கக்கா"ங்கறதுதான் முதல் வார்த்தை. இது பஸ்ஸுல தெரிஞ்சுபோச்சு. நான் ஏறினாப் போதும், டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, கம்பெனி நல்லாப் போகுதுங்களா? அவரு ஒடைக்கறாரு, நீங்க ஒட்டறீங்க, நல்ல யாவாரமுங்க"ம்பார். பஸ்ஸே சிரிக்கும். எனக்குத்தான் சிரிப்பு வராது.

ஏன் வராதுன்னா, எல்லாருக்கும் ஒரே மாதிரி வலி. ஒருத்தர் ரெண்டு பேருக்கு வந்தா கால் அமைப்பு, தேஞ்ச ஷூன்னு ஏதாவது சொல்லலாம். ஒரு கூட்டத்துக்கே வந்தா தப்பு கால்ல இல்லை, ஓட்டத்துலதான் இருக்கணும். என்னதான் ஓட வெக்கறாருன்னு எனக்குப் புரியலை. விடியறதுக்கு முன்னாடியே கூட்டிக்கிட்டுப் போயிருவார். நான் ஏற்காடு போற காலைப் பஸ்ஸுக்கு நிக்கும்போது அந்தப் பஸ்ஸுல இருந்தே கூட்டமா இறங்குவாங்க. ஓடி முடிச்சுட்டு வழியில எங்கயோ ஏறி வர்றாங்கன்னு நினைச்சுக்குவேன்.

பஸ் படியில அவங்க இறங்கறதைத்தான் நான் கவனிப்பேன். நேரா இறங்கறவன் ஒருத்தன் கிடையாது. ஒருத்தன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கவாட்டுல இறங்குவான். ஒருத்தன் ஏணியில இறங்கற மாதிரி முதுகைக் காட்டிக்கிட்டு இறங்குவான். ஒரே ஒரு பொண்ணு மட்டும் துள்ளிக் குதிச்சு இறங்கும். எஸ்டேட் லைன் வீட்டுப் பொண்ணு. பொண்ணுங்களையும் பட்டாளத்துல எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு வந்து சேர்ந்தது. எழுத்துப் பரிட்சை பாஸாயிருச்சு, ஆள் எடுக்கற ரேலியில ஓட்டம்தான் பாக்கி. வயசு வரம்புல இதுதான் அதுக்குக் கடைசி வாய்ப்பு. ஓட்டத்துல அதை அடிச்சுக்கப் பசங்கள்ல ஆளில்லை. எங்க ஊட்டுக்காரர் அதைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "நம்ம பொண்ணு"ம்பார். அது துள்ளிக் குதிக்கறதை நானும் ரசிச்சுத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நாலஞ்சு நாள் பார்த்தப்புறம்தான் மண்டையில உறைச்சுச்சு. எப்பக் குதிச்சாலும் வலது கால்லதான் விழுது. இடது காலைத் தரையில வெக்கறதுக்கு ஒரு கணம் யோசிக்குது.

அன்னிக்கே கண்டக்டரைக் கேட்டேன், "இவங்க எங்கீங்க ஏறுறாங்க?"ன்னு. "கீழ அடிவாரத்துல, குப்பனூர்லீங்க! தெனமும் உங்க ஊட்டுக்காரரு படையை நான்தானுங்க மலைக்குத் தூக்கிட்டு வர்றேன். போறப்ப ஓட்டமா இறங்கிருவாங்க, வர்றப்ப சீட்டுக்குச் சண்டை போடுவாங்க"ன்னார்.

அட பாவி மனுசா!

எங்க மலையில ஒரு மைல் சேர்ந்தாப்ல சமதரை கிடையாது. பந்து விளையாடினாக்கூட ஒருத்தன் கீழ நின்னு தடுக்கணும். அதனால இவர் ரோட்டைப் பிடிச்சுக்கிட்டார். ரோடுன்னா ஏத்தம் இருக்கு, இறக்கம் இருக்கு. ஏத்தத்துக்கு பஸ்ஸும் இறக்கத்துக்குக் காலும்னு பிரிச்சுக்கிட்டார். இறக்கத்துல ஓடறப்ப ஒவ்வொரு அடியும் எலும்புல இடி மாதிரி இறங்கும். முழங்கால் பிரேக் போட்டுப் போட்டே தேஞ்சுரும். லாரிக்காரனே அந்த வளைவுல இஞ்சினை அடக்கித்தான் இறக்குவான். இவர் பிள்ளைங்களைக் கீர் இல்லாம இறக்கிக்கிட்டிருந்திருக்கார்.

அன்னிக்கு ஊட்டுக்குப் போனதும் பையைக்கூட வெக்கலை, ஆரம்பிச்சுட்டேன்.

"ஏனுங்க, பிள்ளைங்களை ஏன் இறக்கத்துல ஓட வெக்கறீங்க?"

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துபோச்சு. போனை எடுத்துப் பிள்ளைங்க ஓடின டைமைக் காட்டினார். "பாரு புள்ள! என் சர்வீஸ்ல இப்படி ஒரு டைம் பார்த்ததில்லை. மலைக்காத்து, மலை ரத்தம்!"

"இறக்கத்துல ஒரு தேங்காயை உருட்டி விட்டாக்கூட அந்த டைமுக்கு வந்துருமுங்க."

முகம் சுண்டிப்போச்சு. நான் விடலை. மாத்திப் போடுங்க, ஏத்தத்துல ஓடட்டும், இறக்கத்துல பஸ்ஸுல வரட்டும், மூச்சும் பலமாகும் எலும்பும் பிழைக்கும்னு சொன்னேன். வாரத்துல ஒரு நாள் ஓட்டமே வேண்டாம்னேன். ஓட்டத்தைப் பையப் பையக் கூட்டணும், கெண்டைக்காலுக்கும் இடுப்புக்கும் தனியாப் பயிற்சி வேணும்னேன். அவர், "ஏத்தத்துல ஓடினா டைம் என்னாகும்? பசங்க மனசு உடைஞ்சு போயிரும்"ன்னார்.

"இப்ப எலும்பு உடையுதே, அது பரவால்லீங்களா?"

"வலிக்காம சிப்பாய் ஆக முடியுமா? நான் சர்வீஸ் முழுக்க ஒரு நாள் உடம்பு முடியலைன்னு சிக் ரிப்போர்ட் போனதில்லை. வலிக்குதுன்னு சொன்னவனையெல்லாம் பின்னாடி பேட்ச்சுக்குத் தள்ளிருவாங்க. கூட வந்தவனெல்லாம் உடுப்புப் போட்டுக்கிட்டுப் போவான், இவன் புதுசா வந்த பசங்களோட மறுபடி முதல்ல இருந்து. அந்தக் கேவலம் எதிரிக்கும் வேண்டாம்."

அந்தப் பேட்ச் இறங்கறது இருக்கே, அவர் கணக்குல சாவுக்கு அடுத்த படி அதுதான். பசங்களுக்கும் தினம் இதைத்தான் ஓதுவார். அப்புறம் எவன் வாயைத் திறந்து வலிக்குதும்பான்? அதோட பேச்சு நின்னுபோச்சு. மறுநாள் காலையில ஒரு விசில் கேட்டுச்சு. நான் காப்பி போடலை.

அந்த வாரத்துலயே அந்தப் பொண்ணு கிளினிக்குக்கு வந்துச்சு. ஸ்டூல்ல உக்காரவேயில்லை.

"அக்கா, என் சிநேகிதி ஒருத்திக்கு முழங்காலுக்குக் கீழ வலிங்க. அவளால வர முடியலை. அதான் கேட்டுட்டுப் போலாமுன்னு."

"அப்படியா கண்ணு? எந்தக் கால் சிநேகிதிக்கு?"

"இடதுங்க."

"சரி, அந்தச் சிநேகிதியோட இடது காலைக் கொஞ்சம் இந்தக் கட்டில்மேல தூக்கி வை, பார்ப்போம்."

என்னையே பார்த்துட்டு, காலைத் தூக்கி வெச்சுச்சு. எலும்போரமா விரலை ஓட்டிக்கிட்டே வந்தேன். மத்த பசங்களுக்கு ஒரு சாண் நீளத்துக்கு வலிக்கும், அது தசை இழுக்கற வலி, பயமில்லை. இதுக்கு ஒரே இடம். விரல் நுனி பட்டதும் கட்டிலோட விளிம்பைப் பிடிச்சுக்கிச்சு. சத்தம் மட்டும் வரலை. எங்க ஊட்டுக்காரர் டிரெயினிங் அவ்வளவு பிரமாதம். எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

சேலத்துக்கு அனுப்பினேன். எலும்பு டாக்டர் பார்த்து, நான் பயந்தது சரின்னு சொல்லிட்டார். எலும்புல கீறல் விழ ஆரம்பிச்சிருக்கு. இப்பவே ஓட்டத்தை நிறுத்தினா ரேலிக்குள்ள கூடிரும். நிறுத்தாம ஓடினா என்னிக்காவது ரோட்டுலயே பட்டுன்னு போயிரும். அப்புறம் ரேலியும் இல்லை, பட்டாளமும் இல்லை. இதையெல்லாம் அதுகிட்டச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டுச்சு. எல்லாம் கேட்டுட்டு, "சார்கிட்ட மட்டும் சொல்லிராதீங்கக்கா. என்னைக் கூட்டத்துல இருந்து எடுத்துருவாரு"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிச்சு.

நோயாளி வேண்டாம்னா நான் சொல்லக்கூடாது. அது என் தொழிலோட கட்டுப்பாடு. ஊட்டுக்காரர்னாலும் அதேதான். "நீயா சொல்ற வரைக்கும் நான் சொல்லமாட்டேன். ஆனா ஓடக்கூடாது. காய்ச்சல்னு ஏதாவது சொல்லு"ன்னு அனுப்பினேன். அது போய் காய்ச்சல்னு சொல்லியிருக்கு. இவர், "காய்ச்சலா? ரெண்டு மைல் ஓடு, வேர்த்து விட்டுரும்"ன்னிருக்கார். ஓடிருச்சு! மறுநாள் பஸ்ஸுல இருந்து வலது கால்ல குதிச்சுச்சு. என்னைப் பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. அன்னியிலருந்து எனக்கு ராத்தூக்கம் போச்சு. பஸ்ஸு வர்ற சத்தம் கேட்டாலே, இன்னிக்கு அதைத் தூக்கிக்கிட்டு இறங்குவாங்களோன்னு படியையே பார்த்துக்கிட்டு நிப்பேன். வாயைத் திறந்தா கொடுத்த வாக்குப் போகும், திறக்கலைன்னா ஒரு பொண்ணோட காலு போகும். இதுல ஊட்டுல விசில் வேற.

இதுக்கு நடுவுல நம்ம ஆளு நடவடிக்கையும் ஒரு மாதிரி இருந்துச்சு. சாப்பாட்டைத் தரையில உக்காந்து சாப்பிடறவர், நின்னுக்கிட்டே சாப்பிட ஆரம்பிச்சார். ஏன்னு நான் பார்க்கறது தெரிஞ்சதும், "பட்டாளத்துல இப்படித்தான்"னு சுவத்தைப் பார்த்துச் சொன்னார். தோட்டத்துப் படியில நண்டு மாதிரிப் பக்கவாட்டுல இறங்கினார். பிள்ளைங்களுக்கு முன்னாடி தானும் அந்த இறக்கத்துல தினம் ஓடிக்காட்டற மனுசன், ஐம்பதைத் தாண்டியாச்சு, வேற என்னாகும்? கேட்டா ஒத்துக்கவா போறார்னு நானும் கம்முனு இருந்தேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நான் ராகி மாவு சலிச்சுக்கிட்டிருக்கேன். விசில் சத்தம். ஒண்ணு. காப்பி குடிச்சாச்சே! திரும்பவும் ரெண்டு. சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருக்கே! அப்புறம் விடாம ஊதல். சத்தம் பின்பக்கத்துக் கக்கூஸுல இருந்து வருது. எங்களது குந்தி உக்கார்ற நாட்டுக் கக்கூஸ்.

கதவுக்கு வெளிய போய் நின்னேன். "என்னங்க?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னா எதுக்கு விசிலு?"

"வேலை செய்யுதான்னு பார்த்தேன்."

"செய்யுது. நான் போகட்டுங்களா?"

கேட்டேனே ஒழிய நகரலை. கொஞ்ச நேரம் கழிச்சு, இத்தனை வருஷ வாழ்க்கையில நான் கேட்டே இல்லாத ஒரு சன்னக் குரல்ல, "ஏ புள்ள... கதவு தாழ்ப்பாள் போடலை"ன்னார்.

உள்ள போனா, மனுசன் பாதி எந்திரிச்சும் பாதி எந்திரிக்காமயும் தண்ணிக் குழாயைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கறார். வலது முழங்கால் மடக்கினது மடக்கினபடி. அக்குள்ல கையைக் குடுத்துத் தூக்கினேன். அப்பவும் "ஒண், டூ, அப்!"னு எனக்குக் கமாண்டு குடுத்தார் பாருங்க, அப்படியே விட்டுட்டு வந்துரலாமான்னு இருந்துச்சு.

கட்டில்ல படுக்க வெச்சுப் பார்த்தேன். முழங்கால் கொழுக்கட்டையா வீங்கியிருக்கு. உள்ள நீர் கோத்திருக்கு. துணியில ஐஸைச் சுத்தி வெச்சுக்கிட்டே, "எத்தனை நாளாங்க?"ன்னேன்.

"எது?"

"ஏனுங்க!"

"கொஞ்ச நாளா." அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்றார், "பசங்ககிட்ட மட்டும் சொல்லிராத புள்ள."

அதே வார்த்தை. அதே மாதிரி கைப்பிடி. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. சிரிக்கச் சிரிக்க அழுகையும் சேர்ந்துக்கிச்சு. அவருக்கு ஒண்ணும் புரியலை, முழங்கால் அவ்வளவு மோசமான்னு பயந்துட்டார்.

"உங்க கூட்டத்துல எத்தனை பேருக்கு வலிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஒருத்தனும் சொல்லலியே!"

"நீங்க சொன்னீங்களா?"

மனுசன் ஐஸ் கரையற வரைக்கும் மோட்டுவளையையே பார்த்துக்கிட்டுக் கிடந்தார். அன்னிக்கு முழுக்க விசில் சத்தமே இல்லை. பக்கத்து ஊட்டுக்காரங்க வந்து, "சாருக்கு ஒடம்பு சரியில்லீங்களா?"ன்னு விசாரிச்சுட்டுப் போனாங்க.

மறுநாள் விடியக்காலம் குடையை ஊன்றிக்கிட்டுக் கிளம்பினார். நானும் கூடவே போனேன். பஸ் ஸ்டாப்புல பிள்ளைங்க வரிசையா நின்னுச்சு. பனி கொட்டுது. இவர் "சாவ்தான்"னு ஒரு சத்தம் போட்டார், எல்லாம் விறைச்சு நின்னுச்சு.

"எனக்கு முழங்கால்ல ஒரு சின்ன... அதாவது, ஒரு இது."

நான் பின்னாடி நின்னு இருமினேன்.

"வலிக்குது"ன்னார். "நொம்ப வலிக்குது."

யாருக்கும் என்ன செய்யறதுன்னு தெரியலை. ஒருத்தன் மெதுவா, "சார், இது டெஸ்டுங்களா?"ன்னு கேட்டான்.

"டெஸ்டு இல்லை சாமி. யாருக்கெல்லாம் வலிக்குதோ ஒரு அடி முன்னாடி வாங்க. யாரையும் கூட்டத்துல இருந்து எடுக்கமாட்டேன். இது என் வார்த்தை."

ஒருத்தரும் அசையலை. அப்புறம் கேள்வி கேட்டவனே, "எங்க வலிச்சாலுமுங்களா?"ன்னான். "எங்க வலிச்சாலும்." அவன் ஒரு அடி வந்தான். பக்கத்துல இருந்தவன் வந்தான். பார்த்துக்கிட்டு இருக்கும்போதே வரிசை மொத்தமும் முன்னாடி வந்துருச்சு! எங்க ஊட்டுக்காரர் முகத்தைப் பார்க்கணுமே. சொந்தப் படையே சரணடைஞ்ச மாதிரி நின்னார்.

பின்னாடி ஒத்தையா நின்னது அந்தப் பொண்ணு மட்டும்தான்.

இவருக்கு உசுரு வந்துருச்சு. "பார்த்தீங்களாடா! நம்ம பொண்ணைப் பாருங்க! வலியாவது ஒண்ணாவது!"ன்னு கையைத் தட்டினார். எனக்கு அப்படியே அவர் வாயைப் பொத்தணும் போல இருந்துச்சு. அது என்னைப் பார்த்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலை, சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். சொல்லேண்டி கண்ணு, சொல்லித் தொலையேன்னு மனசுக்குள்ள கத்திக்கிட்டிருந்தேன். அது தரையைப் பார்த்துச்சு. அப்புறம் இடது காலை எடுத்து முன்னாடி வெச்சுச்சு. வெச்சு, அழுத்தி, அதுமேல நின்னுச்சு. அப்படியே அழ ஆரம்பிச்சிருச்சு.

இவர் குடையை ஊன்றிக்கிட்டு அதுகிட்டப் போனார். எல்லாத்தையும் சொல்லுச்சு. இவர் திரும்பி என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?"ன்னார். "தெரியும்"னேன். கத்தப்போறார்னு நினைச்சேன். கத்தலை. அந்தப் பொண்ணுகிட்ட, "இன்னியிலருந்து நீ ஓடக்கூடாது கண்ணு. நானே ஓடச் சொன்னாலும் ஓடக்கூடாது"ன்னார்.

அன்னியிலருந்து ரோடு தலைகீழாச்சு. ஏத்தத்துல காலு, இறக்கத்துல பஸ்ஸு. அதுவும் தினமும் இல்லை. ஓட்டமில்லாத நாள்ல பஸ் ஸ்டாப்புத் திட்டு விளிம்புல நின்னு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கறதும், ஒத்தக்கால்ல நிக்கறதும், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கறதும்னு நான் சொல்லிக்குடுத்தேன். பழம் பறிக்கப் போற பொம்பளைங்க நின்னு வேடிக்கை பார்த்து, "ஏனுங்க, இப்படிப் படுத்துக்கிட்டேதான் சண்டை போடுவாங்களா?"ன்னு கேட்டு மானத்தை வாங்குவாங்க. பசங்க வெக்கத்துல மூஞ்சியைத் துண்டால மூடிக்கிட்டு இடுப்பைத் தூக்குவானுங்க. கண்டக்டருக்குத்தான் மனசு ஆறலை. "சும்மாவே கீழ போற பஸ்ஸு காலியாத்தான் போகும், இப்ப வேர்வை நாத்தத்தோட போகுதுங்க"ன்னார்.

டைம்தான் சகிக்கலை. இவர் போனைப் பார்க்கறதும் பெருமூச்சு விடறதுமா இருந்தார். ஆனா கிளினிக்குப் பக்கம் பசங்க வர்றது குறைஞ்சுபோச்சு. டிரைவர், "கம்பெனி நட்டமுங்களா?"ன்னு துக்கம் விசாரிச்சார்.

அந்தப் பொண்ணு கதைக்கு வர்றேன். ஓடாதேன்னு சொன்னா எங்க மலையில என்ன அர்த்தம்னு நான் யோசிக்கலை. அது பழம் பறிக்கற சீசன். ஒரு நாள் மத்தியானம் எஸ்டேட் ரோட்டுல பஸ்ஸை விட்டு இறங்கறேன், எதிர்ல எங்க ஊட்டுக்காரர் நொண்டிக்கிட்டு வர்றார், தோள்ல காப்பிப் பழ மூட்டை. பின்னாடியே அந்தப் பொண்ணு, "சார், குடுங்க சார், குடுங்க சார்"னு வருது.

"என்னங்க கூத்து இது?"

"இது மூட்டை தூக்கிட்டுப் போச்சு. கால்ல பாரம் விழக்கூடாதுன்னு நான் வாங்கிக்கிட்டேன்."

நான் அதுகிட்டத் திரும்பினேன். "உன்னை ரெஸ்ட் எடுக்கச் சொன்னேனா இல்லையா?"

"ஓடக்கூடாதுன்னுதானுங்கக்கா சொன்னீங்க. நடந்துதானுங்க போனேன்."

இந்த ஊருல ரெஸ்ட்டுன்னா அவ்வளவுதான். ஓடற வேலை இல்லைன்னா சுமக்கற வேலை. சும்மா உக்கார்றவங்க செத்தவங்களும் டூரிஸ்ட்டுங்களும்தான். மூட்டையை ரோட்டோரத்துல போட வெச்சு, ரெண்டு பேரையும் ஒரே கல்லுல உக்கார வெச்சு, என் தொண்டை கட்டற வரைக்கும் திட்டினேன். ரெண்டும் ஒரே மாதிரித் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச்சு. அப்பத்தான் இன்னொண்ணும் வெளிய வந்துச்சு. உடம்பு லேசா இருந்தா வேகமா ஓடலாம்னு அது காலையிலயும் மத்தியானமும் வெறும் டீயைக் குடிச்சுட்டுச் சுத்திக்கிட்டிருந்திருக்கு. எலும்பு எப்படிக் கூடும்? அன்னியிலருந்து எங்க ஊட்டுக்காரர் தினமும் ராகிக் களியும் கீரையும் எடுத்துக்கிட்டு லைன் வீட்டுக்குப் போவார். அது சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் எதிர்ல நிப்பார். தட்டு காலியானா ஒரு விசில்.

கால் கூடுச்சு. முதல்ல நடந்துச்சு, அப்புறம் ஏத்தத்துல மெதுவா ஓடுச்சு. நான் விரலால அழுத்தறப்ப கட்டிலைப் பிடிக்கறது நின்னுச்சு. ரேலியில சமதரையில ஓடறது அதுக்கு அதுதான் முதல் தடவை. "எவ்வளவு ஓடினாலும் யாரோ முதுகைப் பிடிச்சுத் தள்ளிவிட்ட மாதிரியே இருந்துச்சுங்கக்கா"ன்னுச்சு. முதல் ஆளா வரலை. ஆனா தேறிருச்சு. எங்க ஊட்டுக்காரர் கொட்டச்சேடு முழுக்க லட்டு குடுத்தார், பஸ்ஸை நிறுத்தி டிரைவர் வாயிலயும் ஒண்ணைத் திணிச்சார்.

டிரெயினிங் சென்டருக்குப் போய்ச் சில மாசம் ஆகியிருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை போன் வந்துச்சு. நான் களிக்கு மாவு கிளறிக்கிட்டிருந்தேன். இவர் ஸ்பீக்கர்ல போட்டார்.

"ஜெய் ஹிந்த் சார்."

"ஜெய் ஹிந்த் சாமி! எப்படி இருக்க? டிரெயினிங் முடியற பரேடுக்கு வர டிக்கெட் போடலாமா?"

"சார், திரும்பக் கால் வலிச்சுதுங்க. அதே இடம். நான்... சொல்லிட்டேனுங்க சார். போய் ரிப்போர்ட் பண்ணிட்டேன். ரெஸ்ட் குடுத்திருக்காங்க. கால் சரியாயிருமாம். ஆனா பேட்ச் இறக்கிட்டாங்க. கூட வந்தவங்க எல்லாம் முன்னாடி போயிட்டாங்க." குரல் உடைஞ்சுபோச்சு. "உங்க பேரைக் கெடுத்துட்டேனுங்களா சார்?"

நான் கிளறறதை நிறுத்திட்டேன். பேட்ச் இறக்கம்! இந்த மனுசன் என்ன சொல்லப்போறாரோன்னு கரண்டியோட நின்னேன். அவர் விசிலைப் பிடிச்சு உருட்டிக்கிட்டே இருந்தார்.

"நல்லது பண்ணின சாமி"ன்னார். "நொம்ப நல்லது பண்ணின. இங்க கேளு. இன்னிக்குக் காலையில எனக்கும் முழங்கால் பிடிச்சுக்கிச்சு. ஏத்தத்துல பாதியிலயே உக்காந்துட்டேன். பசங்கெல்லாம் என்னைத் தாண்டி மேல போயிட்டாங்க. நானும் இப்பப் பின்னாடி பேட்ச்தான்."

அந்தப் பக்கம் அழுகையோட ஒரு சிரிப்பு கேட்டுச்சு. "ஐஸ் வெச்சீங்களா சார்?"

"வெச்சேன், வெச்சேன். அக்காதான் வெச்சு விட்டா. வலி உசுரு போகுது."

அன்னிக்குக் காலையில மனுசன் ஒரு இடத்துலயும் நிக்காம ஏத்தம் முழுக்க ஓடி வந்து, மூச்சுகூட வாங்காம என்கிட்டப் பீத்திக்கிட்டு நாலு தோசை தின்னிருந்தார். முழங்கால் எப்பவோ சரியாப்போச்சு. எங்க பிரிட்ஜுல ஐஸும் இல்லை. வலி இல்லைன்னு அவர் சொன்ன பொய்யைக் கல்யாணமான நாள்ல இருந்து கேட்டுக்கிட்டிருக்கேன். வலிக்குதுன்னு அவர் பொய் சொன்னது அன்னிக்குத்தான்.